சர்வருக்குச் சந்தனம் வைத்த நாள்

இதில் வருடத்தை எழுதப் போவதில்லை. பண்ணைக்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் ஒருவரையொருவர் அறிந்த வட்டாரம் இது. வருடத்தைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கிழமையும் மணியும் மட்டும் எழுதுகிறேன். அவை அன்றன்றைக்கே என் நோட்டில் குறித்து வைத்தவை. பின்னால் யோசித்துச் சேர்த்தது எதுவும் இல்லை.

சேலத்தில் ஒரே கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் பூட்டினேன். முதலாளியின் அப்பா விசைத்தறி ஓட்டிய கொட்டகைதான் எங்கள் பட்டறை. தறிகளை இறுக்கியிருந்த போல்ட்டுகளின் துளைகள் தரையில் அப்படியே இருந்தன. பெட்டி, போர்டு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டி, முன்பக்கம் எங்கள் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒட்டி அனுப்புவோம். லாரி புக்கிங் ஆபீஸ், திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் ஆபீஸ், ஜவ்வரிசி ஆலை, பள்ளிக்கூடம் என்று சேலம் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எங்கள் தகடு இல்லாத கடைவீதியே இல்லை என்று முதலாளி சொல்வார். அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக எங்கள் பெட்டியைப் பார்த்து நான் பெருமைப்பட்டதுண்டு.

பிறகு லேப்டாப் வந்தது. போனிலேயே ஆர்டர் போட்டு வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளும் காலம் வந்தது. மாதம் நாற்பது பெட்டி போன இடத்தில் ஆறு போனது. ஒரு சித்திரை மாதம் இரண்டுதான் போனது. அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முதலாளி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, பொட்டிய வித்தா அதோட அவனுக்கும் நமக்கும் தீந்துது. அதுக்குள்ள ஓடற சாப்ட்வேரும் நம்முளுது, அதப் பார்த்துக்கறதும் நம்முளுதுன்னு வெச்சுக்கங்க, அவன் நம்மள உட்டுட்டு எங்க போவான்?"

"சாப்ட்வேர் எழுத நமக்குத் தெரியோணுமில்ல?" என்றேன்.

"தெரிஞ்ச புள்ளைய வேலைக்கு வெச்சுக்குவோம். தறிக்காரன் மகனுக்குக் கம்ப்யூட்டர் பூட்டத் தெரியும்னு யாரு நெனச்சா?"

அப்படித்தான் வாசலில் இருந்த பெயர்ப் பலகை மாறியது. கம்ப்யூட்டர்ஸ் என்று இருந்த இடத்தில் சொல்யூஷன்ஸ் என்று வந்தது. கெங்கவல்லியிலிருந்து ஒரு பெண் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்தாறு. முதலில் முட்டை வியாபாரிகளுக்கு ஸ்டாக் பார்க்கும் சாப்ட்வேர், பிறகு லாரி ஆபீஸுக்கு ஒன்று. மூன்றாவதாக வந்ததுதான் கோழிக் கொட்டகையைக் கண்காணிக்கும் சேவை. எனக்குச் சர்வீஸ் மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள்.

முன்பும் நான் சர்வீஸ் பார்த்தவன்தான். பழுதானால் கூப்பிடுவார்கள். போய்த் தூசி ஊதி, கெட்டதைக் கழற்றி நல்லதைப் பூட்டிவிட்டு வருவேன். இப்போது அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நாங்கள் கூப்பிட வேண்டும். இந்த வித்தியாசம் என் மூளைக்குத் தெரிந்திருந்தது. கைக்குத் தெரியவில்லை. நடந்ததற்கெல்லாம் காரணம் இது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கொட்டகைச் சேவை எப்படி என்றால், நாமக்கல் பக்கம் புதிதாகக் கட்டும் முட்டைக்கோழிக் கொட்டகைகள் பல நாலு பக்கமும் மூடியவை. ஒரு கோடியில் ஈரத் தட்டிகள், மறு கோடியில் ஆளுயர மின்விசிறிகள். விசிறிகள் உள்காற்றை இழுத்து வெளியே தள்ள, தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். விசிறி ஓடும் வரை சித்திரை வெயிலிலும் உள்ளே மார்கழி. விசிறி நின்றால் ஆயிரக்கணக்கான கோழிகளின் உடம்புச் சூடே அவற்றைக் கொல்லப் போதும். முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம்.

நாங்கள் கொட்டகைக்குள் ஒரு சின்னப் பெட்டி மாட்டுவோம். அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை அளந்து சேலத்தில் இருக்கும் எங்கள் சர்வருக்கு அனுப்பும். சூடு ஏறினால் சர்வர் பண்ணைக்காரரின் போனைக் கூப்பிடும். "உங்கள் கோழிக் கொட்டகையில் வெப்பம் அதிகமாக உள்ளது. உடனே கவனிக்கவும்." அந்தக் குரல் எங்கள் புரோகிராமர் பெண்ணின் குரல். சிக்னல் இல்லாத நேரத்தில் அளந்தவை வீணாகிவிடக் கூடாது என்று, பெட்டி அவற்றைச் சேர்த்து வைத்திருந்து தொடர்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும்படி செய்திருந்தோம். அந்த யோசனை என்னுடையது. எந்தக் கணமும் பதிவாகாமல் போகக் கூடாது என்பது எனக்கு முக்கியமாக இருந்தது.

கொட்டகையிலேயே ஒரு சைரன் வைத்திருக்கலாம். ஒரு பண்ணைக்காரர் கேட்டார். போனே வரும்போது சைரன் எதற்கு என்று சொன்னவனும் நான்தான்.

தைப் பொங்கல் கழிந்து தொடங்கி, ஆவணிக்குள் பதினோரு பண்ணைகள் சேர்ந்தன. நாலாவதாகச் சேர்ந்தவர் புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம் உள்ள ஒரு விவசாயி. ஒன்பதாவதாகச் சேர்ந்த அம்மா அவருடைய தங்கை. அண்ணன்தான் தங்கையை எங்களிடம் அழைத்து வந்தார். இருவருடைய கொட்டகைகளுக்கும் இடையில் ஆறு கிலோமீட்டர்.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். வருடத்தில் ஒரு மாதம் ஊரில் இருந்தால் அதிகம். மகள் கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். இருபதாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையை அந்த அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். வேலைக்கு ஒரு வடநாட்டுத் தம்பதி மட்டும். பெட்டி மாட்டப் போன அன்று, ஆவணி மாதத்து இரண்டாவது திங்கள், அவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏனுங்ணா, இது மாட்டிட்டா நான் வெளிய போலாமுங்களா?"

"எங்கிங்க போவோணும்?"

"எங்கியோ ஒண்ணு. கொட்டாய் கட்டி ரெண்டு வருசமாச்சுங்க. ஒரு கல்யாணத்துல உக்காந்து சாப்பிட்டதில்ல. மொய்ய வெச்சுட்டு ஓடியாந்துருவேன். எங்கண்ணன் ஊட்டுக்குப் போனாக்கூட அவங்க, 'வந்துட்டாளப்பா சுடுதண்ணி கால்ல ஊத்துன மாதிரி'ங்கறாங்க."

"இனிமேல் தைரியமாப் போயிட்டு வாங்க. சூடு ஏறுச்சுன்னா போன் வந்துரும். பத்து நிமிசத்துல வந்துரலாமில்ல?"

"எங்கண்ணன் ஊட்ல இருந்தா பத்து நிமிசங்கூட ஆகாதுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாக்குக் கொடுத்தது கம்பெனி என்று பிறகு எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கொடுத்தது என் வாய்.

ஆயுத பூசை அந்த வருடம் ஒரு புதன்கிழமை வந்தது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூசை தறிக் கொட்டகை வழக்கப்படிதான் நடக்கும். முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து, அன்று காலையில் ஒவ்வொரு கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூ வைத்து, சூடம் காட்டியதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவோம். மறுநாள் விசயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் ஏற்றுவோம். நடுவில் ஸ்குரூ டிரைவரைக்கூடத் தொடக் கூடாது. முதலாளியின் அப்பா காலத்தில் வருடம் முழுக்க இரைந்த தறிகள் ஓய்ந்து கிடந்த நாள் அது ஒன்றுதானாம். அதை அவர் கண் கலங்கச் சொல்வார்.

கொட்டகைச் சேவை தொடங்கிய பிறகு வந்த முதல் ஆயுத பூசை அது. சர்வர் என்றால் ஏதோ பெரிய அறையில் குளிரூட்டி வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். நாங்களே பூட்டிய மூன்று பெட்டிகள், எங்கள் தகடு ஒட்டியவை, பட்டறையின் கிழக்குச் சுவர் ஓரமாக ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. கரண்ட் போனால் ஓட பேட்டரி வைத்திருந்தோம். ஒரு இண்டர்நெட் போனால் இன்னொன்று வைத்திருந்தோம். நாங்களே நிறுத்துவோம் என்பதற்கு மட்டும் ஏற்பாடு எதுவும் இல்லை.

புரோகிராமர் பெண் செவ்வாய்க்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தாள்.

"சார், நாளைக்குப் பூஜை முடிச்சு மெயினை ஆஃப் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. சர்வரை மட்டும் விட்டுடணும் சார்."

"முதலாளிகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'அதுவும் நாம பண்ண மிஷின்தானேம்மா'ன்னு சிரிக்கிறார். நீங்க சொன்னா கேப்பார்."

சொல்கிறேன் என்றேன். புதன் காலை சொல்லவும் செய்தேன். சொன்ன விதம் சரியில்லை. சாமி படத்துக்கு முன்னால், அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பாதிக் குரலில் சொன்னேன்.

"சர்வரு... ஓடிட்டு இருக்கட்டுமா?"

"ஏண்ணா, எல்லாத்தையும் படுக்க வெச்சுட்டு அத மட்டும் எழுப்பி வெச்சுக்கறதா? ஒரு நாத்தானே. பண்ணைல எல்லாம் ஜெனரேட்டர் இருக்குது. ஆளு இருக்குது. எங்கப்பா இருந்தா செருப்பக் கழட்டுவாரு."

அவருடைய அம்மா பூவை என் பக்கம் நகர்த்தினார். மூன்று பெட்டிகளுக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். தகட்டின் மேல் குங்குமம் வைத்தேன். முறைப்படி மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, பேட்டரியை நிறுத்தி, மெயினை இறக்கினேன். மணி பதினொன்று நாற்பது. இருபத்திரண்டு வருடமாகச் செய்த வேலை, கை தானாகச் செய்தது. விசிறிகளின் ஓசை அடங்கியபோது மனதுக்கு இதமாகக்கூட இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பொரி பிரித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. பண்ணைக்காரர்களுக்குச் சொல்லவில்லையே. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் வசதி எங்களிடம் இருந்தது. அது அந்தச் சர்வரில்தான் இருந்தது. ஆகவே வாசலில் நின்று என் போனிலிருந்தே கூப்பிட ஆரம்பித்தேன். மணி பன்னிரண்டு பத்து. பதினோரு பெயர்களையும் சேர்ந்த வரிசைப்படி நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக.

முதலாமவர் சரி என்றார். இரண்டாமவர் எடுத்ததும் பூசை வாழ்த்துச் சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங் சார், உங்க கம்ப்யூட்டருக்கும் இன்னைக்கு லீவுங்களா? பொரி கொடுத்தீங்களா அதுக்கு?" மூன்றாமவர் சிரிக்கவில்லை. "அப்ப தீவாளிக்கும் நிறுத்துவீங்களா? இதுக்கா மாட்டச் சொன்னேன்?" என்று கேட்டார். என் காது சூடாகிவிட்டது. நாலாமவர்தான் அந்த அம்மாவின் அண்ணன்.

"வேனுக்குக் கூடத்தான் மாலை போட்டு நிறுத்திருக்கேன், அதுல என்னங் சார்? நான் இங்கயேதான் இருக்கறேன், பாத்துக்கறேன். தங்கச்சியும் இன்னைக்கு இங்கதான் சோத்துக்கு வாரா."

"அப்படீங்களா? அவங்களுக்கும் சொல்லீருவீங்களா?"

"சொல்லிப்போடறேன், சொல்லிப்போடறேன். கம்ப்யூட்டருக்கு லீவுன்னா அவ சிரிப்பா பாருங்க."

ஒன்பதாம் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டேன். மற்ற ஆறு பேரிடமும் கேலி வாங்கத் தெம்பில்லை. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று உள்ளே போனேன். போனவன் கூப்பிடவில்லை.

நான் பேசியது நாலு பேரிடம். நோட்டில் இருக்கும் டிக் ஐந்து.

பிற்பகல் இரண்டு நாற்பத்தேழுக்கு அந்த அம்மாவின் தோட்டத்துக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போயிற்று. முழுதாகப் போயிருந்தால் ஜெனரேட்டர் தானாக ஓடியிருக்கும். ஒரு பேஸ் மட்டும் போனதால் விசிறி மோட்டார்கள் கருகாமல் இருக்கத் தாமாக நின்றுவிட்டன. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெட்டியோ கரண்ட் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டது. கொட்டகையில் பல்புகள்கூட எரிந்துகொண்டுதான் இருந்தன. வேலைக்காரத் தம்பதிக்குக் காலை முட்டை எடுத்து முடித்ததும் அந்த அம்மா லீவு கொடுத்திருந்தார். புதுத்துணி வாங்க நாமக்கல் போயிருந்தார்கள். அந்த அம்மா அண்ணன் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு, அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையிலேயே வைத்திருந்தார். நடுவில் இரண்டு முறை எடுத்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று திருப்தியோடு வைத்தார். இதை அவருடைய அண்ணி பிறகு என்னிடம் சொன்னார்.

நாலரை தாண்டித்தான் அந்த அம்மா கொட்டகைக்குத் திரும்பியிருக்கிறார். என் போனுக்கு அழைப்பு வந்தது நாலு ஐம்பத்திரண்டு.

"அண்ணா, சத்தமே இல்லீங்கண்ணா" என்றார். அவ்வளவுதான். எதன் சத்தம் என்று கேட்டேன். அவர் போனை வைக்கவில்லை. யாரோ ஓடுவதும் தகரக் கதவு இடிபடுவதும் கேட்டன.

பைக்கில் போய்ச் சேர ஆறு மணி ஆனது. படித்த புத்தகங்களிலெல்லாம் பேரழிவு சத்தத்தோடுதான் வரும். தீ, வெள்ளம், இடிபாடு. கொட்டகைக்குள் அப்படி எதுவும் இல்லை. கூண்டுகள் வரிசை வரிசையாகச் சரியாக இருந்தன. தீவனம் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூண்டுக் கம்பிகளுக்கு வெளியே கழுத்துகள் தொங்கின, எல்லாம் ஒரே பக்கமாக, எல்லாம் வாய் திறந்து. காற்று வரும் பக்கம் தலையை நீட்டியிருக்கின்றன. விசிறிகள் இப்போது ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன்தான் வந்து ஜெனரேட்டரைக் கையால் ஓட்டியிருக்கிறார். அந்தக் காற்றில் இறகுகள் மட்டும் அசைந்தன. ஈரத் தட்டிக்கு அருகில் இருந்த கடைசிக் கூண்டுகளில் கொஞ்சம் உயிரோடு இருந்தன. ஓர் இரண்டாயிரம் இருக்கும்.

அந்த அம்மா நடைபாதையில் நின்று ஒவ்வொரு கூண்டாகத் தட்டிக்கொண்டே வந்தார். தட்டுவார், பார்ப்பார், அடுத்ததற்கு நகருவார். "ஏஞ்சாமி, எந்திரி. எந்திரி சாமி." என்னைப் பார்த்தார். அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்.

வெளியே வந்தேன். அண்ணன் கேட்டருகில் நின்றார். ஆள் வாட்டசாட்டமானவர், வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கேட் கம்பியைப் பிடித்திருந்தார்.

"சொல்லோணும்னுதானுங் சார் இருந்தேன். நீங்க போன வெச்சதும் பூசைக்குக் கூப்புட்டாங்க. அப்பறம் மாப்பளை ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. அவ வந்தா, சோறு உண்டா, எப்பவும் இல்லாம சிரிச்சுப் பேசிட்டிருந்தா. எனக்கு அது... மறந்தே போச்சுங்க."

"சரிங்க" என்றேன்.

"அவகிட்டச் சொல்லீராதீங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன். எனக்கு இருக்கறது அவ ஒருத்தி. அவளுக்கும் நாந்தான்."

முதலாளிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். காலையில் வருகிறேன் என்றார். அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் குழி வெட்டப் பொக்லைன் வந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து கூண்டுகளிலிருந்து கோழிகளை எடுத்துச் சாக்கில் போட்டார்கள். நானும் எடுத்தேன். அண்ணன் யாருக்கும் முகம் காட்டாமல் சாக்குகளைத் தூக்கிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா குழியின் ஓரத்தில் சுண்ணாம்புத் தூள் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். கணவர் ரயில் ஏறிவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அந்த அம்மாவின் மடியில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். கேட்டுவிட்டு அணைத்துவிட்டார். உடனே மீண்டும் அடித்தது. மீண்டும் எடுத்தார். மூன்றாவது முறை அடித்தபோது காதில் வைக்காமல் ஒலிபெருக்கியில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"உங்கள் கோழிக் கொட்டகையில் வெப்பம் அதிகமாக உள்ளது. உடனே கவனிக்கவும்."

சேலத்தில் முதலாளி நல்ல நேரம் பார்த்துச் சர்வரை ஏற்றியிருக்கிறார். மற்றப் பத்துப் பண்ணைகளுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பதைப்பில், முகம்கூடக் கழுவாமல் பட்டறைக்குப் போய் ஏற்றினாராம். செய்தது சரிதான். ஆனால் கொட்டகைப் பெட்டி முந்தின நாள் முழுதும் அளந்து வைத்திருந்ததை மொத்தமாக அனுப்பிவிட்டது. சர்வர் அதன் கடமையைச் செய்தது. நாலாவது அழைப்பு. ஐந்தாவது. சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பொக்லைன் ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார். அந்தப் பெண்ணின் பொறுமையான, நல்ல உச்சரிப்பு உள்ள குரல், குழிக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தது. முதலாளியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். "நிறுத்து, நிறுத்து" என்றுதான் கத்தினேன். அவரை ஒருமையில் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் நிறுத்துவதற்குள் பதினான்கு அழைப்புகள் வந்துவிட்டன. பதினான்கையும் அந்த அம்மா எடுத்தார்.

ஒன்பது மணிக்கு முதலாளி காரில் வந்தார். சாக்குகளைப் பார்த்ததும் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"டவரு இல்லைன்னு சொல்லிரலாம்ணா. சிக்னல் கட்டாச்சு, அதனாலதான் இன்னைக்கு மொத்தமா வந்துதுன்னு சொன்னா நம்புவாங்க. பெட்டி அப்படித்தானே வேலை செய்யுது? நாம நிறுத்துனோம்னு தெரிஞ்சா பத்துப் பேரும் போயிருவாங்க. ஏழு பேரு சோறு. அந்தப் புள்ளைய நெனச்சுப் பாருங்க, கெங்கவல்லில அவ அப்பனுக்கு அவ சம்பளம்தான்."

அவர் கெட்டவர் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். நம்பும்படியான பொய் அது. அதற்கு வசதி செய்து வைத்தவனும் நானே, அந்தச் சேமிப்பு யோசனை மூலம். நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாவே எழுந்து வந்தார். புடவையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏனுங்ணா, நேத்து ஏன் வர்ல?"

முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணன் பத்தடி தள்ளிக் கையில் சாக்கோடு நின்றார்.

"நாங்க சர்வர நிறுத்திட்டமுங்க" என்றேன். "ஆயுத பூசைக்கு. பதினொண்ணு நாப்பதுக்கு. நாந்தான் நிறுத்துனேன். உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிருக்கோணும். பண்ணல."

"பூசைக்கா?"

"ஆமாங்க."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் டிராக்டர் நின்ற பக்கம் பார்த்தார். அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். பிறகு கேட்டார்.

"எங்கண்ணனும் உங்களுதத்தானே மாட்டியிருக்கான். அவனுக்குச் சொன்னீங்களா?"

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும். முதலாளி சொல்லச் சொன்ன பொய்யைவிடப் பெரிய ஒன்று நாக்கில் வந்து நின்றது. சரியான மணிகளை மட்டும் எழுதி வந்த ஆள் நான். என் நோட்டில் பன்னிரண்டு பத்துக்குக் கீழே நாலாம் பெயரும் ஒன்பதாம் பெயரும் டிக்கோடு இருந்தன. நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "யாருக்குமே சொல்லல."

அந்த அம்மா ஒரு மூச்சு விட்டார்.

"நல்ல வேளை. அவங்கோழியாச்சும் தப்பிச்சுதே. அதும் போயிருந்தா எங்கண்ணன் தாங்கியிருக்க மாட்டான்."

அண்ணன் சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார். யாரோ பின்னால் ஓடினார்கள். "கண்ணுல சுண்ணாம்பு பட்டுருச்சு, ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னது கேட்டது.

மீதியிருந்த இரண்டாயிரத்தில் பாதி அந்த வாரத்திலேயே செத்தன. மற்றவை முட்டையை நிறுத்திவிட்டன. ஐப்பசி பத்துக்குள் கறிக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டகையை வேறு ஒருவர் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். கணவர் வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்ப ரிக்குக்கே போனார். செய்தி எங்கும் பரவியது. முதலாளி பயந்தபடியே பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கார்த்திகை பிறந்தபோது புரோகிராமர் பெண் வேலையை விட்டாள். போகும் அன்று ஒன்றே ஒன்று கேட்டாள். "சார், அன்னிக்கு என் குரல் எத்தனை தடவை போச்சு?" தெரியாது என்றேன். அதுவும் பொய்தான். பொய் சொல்லப் பழகிவிட்டேன் என்று அன்று உணர்ந்தேன்.

பண்ணைகளில் மாட்டிய பெட்டிகளைக் கழற்றி எடுத்து வரும் வேலை எனக்கு. கடைசியாகப் போனது அண்ணனின் கொட்டகைக்கு. மார்கழி முதல் வாரம், ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி.

கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் ஒரு வெப்பமானி. மடியில் முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். பேச்சு நடுவிலும் பார்த்தார். இளைத்திருந்தார்.

"வாங்கண்ணா. கழட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமாங்க."

"அதான் அண்ணன் என்னைய வரச் சொல்லிட்டான். ஆளு ஒண்ணு உக்காந்தே இருக்கோணுமில்லீங்க? கூலிக்காரங்கள நம்ப முடியாதுன்னு. இப்ப அவன் என்னைய எதுலயும் ஒரு சொல்லுச் சொல்றதில்லீங்க. எம்புள்ள படிப்பெல்லாம் அவந்தான் பாக்கறான். பாவம், என்ன கேட்டாலும் தலைய ஆட்டறான்."

உள்ளே போய்ப் பெட்டியைக் கழற்றினேன். நாலு திருகாணி. விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. தீவன வண்டிக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். நான் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மறு வரிசைக்குப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது அந்த அம்மா டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "இருங்கண்ணா, அண்ணி போடும், நான் இங்கிருந்து எந்திரிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். குரல் கொடுக்கும்போதும் கண் வெப்பமானியில்தான் இருந்தது. டீ வரும் வரை பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்கு அருகில் நின்றிருந்தேன்.